அம்மாவின் அரை மணி நேரமும் ஒரு சிஸ்டம் ஃபைலும்

16.7.2001, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மாலை ஐந்தரைக்கு மழை. மழை விழுந்ததும் கரண்ட் போனது.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் திருத்த மாட்டேன். பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் "இன்று நன்றாகப் படித்தேன்" என்று பொய் எழுதுவது கேவலம். (இன்று நன்றாகப் படிக்கவில்லை.)

முதலில் வீட்டு நிலவரம்.

அம்மா ஷூ ஃபேக்டரியில் கட்டிங் செக்‌ஷன். பதினான்கு வருடமாக நின்றே வேலை. தோலை மேஜையில் விரித்து, உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம் எல்லாவற்றையும் பார்த்து வெள்ளிப் பேனாவால் எக்ஸ் போட வேண்டும். வெட்டுகிறவர்கள் அந்த எக்ஸ் மேல் அச்சு வைக்க மாட்டார்கள். இப்போது அம்மாவின் கால் நரம்புகள் முண்டு முண்டாகச் சுருட்டிக்கொண்டுவிட்டன. இனி நிற்கும் வேலை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஃபேக்டரியில் உட்கார்ந்து செய்யும் வேலை பேட்டர்ன் ரூமில் மட்டும்தான். அங்கே கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வருகிற 24, செவ்வாய், டெஸ்ட். ஷூ பாகங்களின் பட்டியலை டைப் செய்து, ஃப்ளாப்பியில் சேமித்து, பிரிண்ட் எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் பேட்டர்ன் ரூம். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

எங்கள் கம்ப்யூட்டர், வேலூரில் அப்பா லேப் டெக்னீஷியனாக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஏலம் விட்டது. விண்டோஸ் 98. அம்மாவுக்கு அதில் உட்கார நேரம் 6.15 முதல் 6.45 வரை. அதற்கு மேல் சமையல்.

இன்று மழை நின்று கரண்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் நீலத் திரை. சரியாக அணைக்காததால் டிஸ்க்கைச் சோதிக்கிறதாம். மஞ்சள் பட்டை எறும்புபோல் நகர்ந்தது. நடுவில் நிறுத்தினால் டிஸ்க் கெட்டுவிடும் என்று அப்பாவின் உத்தரவு. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 14 நிமிடம்.

அம்மா நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல். "இது இன்னாடி, தினம் மூஞ்சி கழுவிட்டுதான் வெளிய வருமா?"

மீதி 16 நிமிடத்தில் நான்கு வரி டைப் செய்தாள். மௌஸைத் தோலில் பஞ்ச் அடிப்பதுபோல் அடிக்கிறாள். மேஜையே ஆடுகிறது.

அந்த 14 நிமிடத்தை அம்மாவுக்கு வாங்கித் தருவேன். எப்படி என்று தெரியாது.

17.7, செவ்வாய்

வெயில். கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினேன்.

வேலூர் லாங் பஜாரில் போன வருடம் அப்பா வாங்கித் தந்த பழைய டாஸ் புத்தகம். கடைசி இருபது பக்கம் கிடையாது. ஆனால் 212ஆம் பக்கம் இருக்கிறது! எம்எஸ்டாஸ் டாட் சிஸ் என்று ஒரு ஃபைல். அதில் ஆட்டோஸ்கேன் என்ற வரியில் 1 இருப்பதை 0 ஆக்கினால் அந்தச் சோதனை தானாக ஓடாது.

ஒரே சிரமம், அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாது. மறைத்து, பூட்டி, சிஸ்டம் என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். மூன்றையும் எடுத்துவிட அட்ரிப் என்ற கட்டளை. மூன்று கழித்தல் குறி.

கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் கேட்டேன். "சிஸ்டம் ஃபைலா? உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? கை வைக்காத." மரியாதையாகத் தலையாட்டினேன். மனசுக்குள் ஆட்டவில்லை.

18.7, புதன்

கெடுத்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். 4.50க்கு வீடு. யாரும் இல்லை. கட்டளையை டைப் செய்தேன். ஃபைல் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. பூட்டிய பீரோவைத் திறந்ததுபோல் இருந்தது.

1 இருந்த இடத்தில் 0 வைத்தேன். அத்தோடு எழுந்திருக்கலாம்.

கீழே பார்த்தேன். பத்தொன்பது வரிகள், வரி முழுக்க எக்ஸ் எக்ஸ் எக்ஸ். அம்மா மேஜையில் எத்தனை தோல் பார்த்திருக்கிறேன்! எக்ஸ் என்றால் கழிவு, அந்த இடம் உதவாது. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேலே ஆங்கிலத்தில் எச்சரிக்கை இருந்தது. படித்தேன். மற்ற புரோகிராம்களோடு ஒத்துப்போக இந்த வரிகள் தேவை, எடுக்காதீர்கள் என்று. பக்கத்தில் அடைப்புக்குள் ஃபைல் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஏதோ கணக்கு. எங்கள் வீட்டில் வேறு புரோகிராம் ஏது? வெட்டினேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை. ஏதோ ஃபைல் இல்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஆறு தடவை அணைத்துப் போட்டேன். ஆறு தடவையும் அதே.

6.10க்கு அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சொல்ல முடியாமலே போய்விடும்.

"எக்ஸு போட்டிருந்தாங்கன்னா வெட்டின?"

"ஆமாம்மா."

அம்மா உட்கார்ந்து காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தாள். "டேனரில ஈரத் தோலை ஃபிரேம்ல இழுத்து மாட்டுவாங்க, பாத்திருக்க இல்ல? ஓரத்துல கிளிப்பு கடிச்ச எடம் எதுக்கும் ஒதவாது. கடைசியில வெட்டித்தான் போடுவாங்க. அதுக்குன்னு முன்னாடியே வெட்டிட்டா கிளிப்பு எதக் கடிக்கும்?"

அம்மா கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"ஆறு நாள் இருக்குது," என்றாள் அம்மா. அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து அரிசி களையப் போய்விட்டாள். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

19.7, வியாழன்

நேற்று எட்டு மணிக்கு ரயில் இறங்கி வந்த அப்பாவிடமும் நானே சொன்னேன்.

"நோண்டாதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கப்பா."

"அப்புறம்?"

"நோண்டிட்டேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த எக்ஸ் வரி மட்டும்தான் எடுத்தியா? வேற எதுலயும் கை வைக்கலையே?"

"இல்லப்பா."

இன்று வேலூரிலிருந்து மெக்கானிக்குக்குப் போன் செய்திருக்கிறார். அவர் 25ஆம் தேதிதான் வருவாராம். டெஸ்ட் 24. ஆக, நான்தான் சரிசெய்ய வேண்டும்.

சாயங்காலம் ஷூ பெட்டி மூடியை எடுத்து அதன் மேல் கீபோர்டு வரைந்தேன். கட்டம் கட்டமாக, எல்லா எழுத்தும், எண்டர் உட்பட. அம்மா 6.15க்கு அதன் முன் உட்கார்ந்து அட்டையில் விரல் வைத்து ஷூ பாகங்களின் பெயர்களை டைப் செய்தாள். "வேம்ப்பு. குவார்ட்டரு. டங்கு." எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "இன்னா லில்லிக்கா, ஆர்மோனியமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அம்மா நிமிரவே இல்லை. "போடி போடி. உனக்கும் ஒரு நாள் வாசிச்சிக் காட்றேன்."

அட்டையில் எதை அடித்தாலும் தப்பே வராது. அதுதான் குறை.

20.7, வெள்ளி

மேகம், மழை இல்லை. கணக்கு டெஸ்டில் 41/50.

என் தோழி ஷபானாவின் அப்பா டேனரிகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிறார். அவர் கடைக் கம்ப்யூட்டரும் விண்டோஸ் 98. பள்ளி விட்டதும் அவளோடு போனேன். நீலச் சாயம் காற்றிலேயே இருக்கிறது அங்கே. தும்மினால் கைக்குட்டையில் தெரியும்.

அவள் அப்பா, "இருவது நிமிசம் எடுத்துக்கோங்க பேட்டி. பார்ட்டி வர்றாங்க," என்றார். (பேட்டி என்றால் உருதுவில் மகள்.)

ஷபானா: "அரே, நீயே கெடுத்துட்டு நீயே ரிப்பேரா? இதுதான் தோஸ்த், உன்கிட்ட எனக்குப் பிடிச்சது."

முதலில் ஸ்டார்ட்டப் ஃப்ளாப்பி ஒன்று உண்டாக்கினோம். அதைப் போட்டால் செத்த கம்ப்யூட்டரும் கொஞ்சம் கண் திறக்கும். அதற்கே பன்னிரண்டு நிமிடம். அப்புறம் அந்த ஃபைல். அதை ஃப்ளாப்பியில் சேர்க்க முயன்றால் அதே பெயரில் ஃப்ளாப்பியில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, அழிக்கட்டுமா என்று கேட்டது. பயந்து வேண்டாம் என்றேன். (பெயரை மாற்றிப் போட்டிருக்கலாம் என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. மண்டு.)

ஆகவே கையால் எழுதினேன். எச்சரிக்கை வரிகள், அதற்குக் கீழே எக்ஸ் வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு எழுத்து, ஏ, பி, சி என்று வரிசையாக எஸ் வரை. கழிவுக்கு யாராவது வரிசை எண் போடுவார்களா? அன்றே கவனித்திருக்க வேண்டும்.

ஷபானா ஒரு வரியில் எத்தனை எக்ஸ் என்று திரையில் விரல் வைத்து எண்ணினாள். பாதியில் விட்டுவிட்டு, "பேஜாரு! உங்க வீட்ல போடற எக்ஸ் பத்தாதா, இங்கயும் வந்து எண்ணனுமா?" என்றாள். மறுபடி முதலிலிருந்து.

மேலே உள்ள வரிகளை எழுத நேரமில்லை. பார்ட்டி வந்துவிட்டார்கள்.

21.7, சனி

காலை 10 மணி. ஃப்ளாப்பி போட்டேன். கண் திறந்தது! ஏ எழுத்தும் கோடும். சி டிரைவுக்குள் போனேன். எல்லாம் இருக்கிறது. அம்மாவின் பட்டியல், என் கட்டுரைகள், அப்பா டைப் செய்து வைத்த ஆராதனைப் பாட்டுகள், ஒன்றும் போகவில்லை. நாற்காலியில் முழங்காலிட்டு உட்கார்ந்து வாய்விட்டு "ஸ்தோத்திரம்" என்றேன்.

ஃபைலைத் திறந்து எக்ஸ் எல்லாவற்றையும் டைப் செய்தேன். பத்தொன்பது வரி, எண்ணி எண்ணி. பயத்தில் ஆட்டோஸ்கேனைக்கூடப் பழையபடி 1 ஆக்கிவிட்டேன். மூன்று கூட்டல் குறி போட்டுப் பூட்டினேன். ஃப்ளாப்பியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன்.

கறுப்புத் திரை. அதே வரி.

மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று சொன்னது பொய், பசித்தது.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். புதன்கிழமை நான் எக்ஸ் வரிகளை மட்டும் எடுக்கவில்லை. ஃபைலின் மேல் பகுதியில் இரண்டு வரிகளில் ஒரே விலாசம் இருந்தது, சி டிரைவ், விண்டோஸ் என்று. ஒரே செய்தியை இரண்டு முறை எழுதினால் தமிழ் மிஸ் அடிக்கோடிட்டு மார்க் குறைப்பார். இரண்டாவது வரியையும் எடுத்துவிட்டேன். எக்ஸ் வரிகளுக்காவது ஒரு காரணம் சொல்லலாம், தோல் ஊரில் பிறந்தவள், அப்படித்தான் நினைப்பேன் என்று. இது வெறும் கெட்டிக்காரத்தனம். அதனால் இந்த நோட்டிலும் எழுதவில்லை. அப்பா நேராகக் கேட்டபோதும் இல்லை என்றேன். ஷபானா கடையில் மேல் வரிகளை எழுத நேரம் இருந்தது, பார்ட்டி வாசலில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வரிகளில் தவறே நடக்காததுபோல் என்னிடமே நடித்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்று முதல் பக்கத்தில் சொன்னவள் மூன்றாம் நாளே மறைத்தேன். அதில் அம்மாவுக்கு இன்றைய சாயங்காலமும் போகிறது.

மா. 7: அப்பாவிடம் சொன்னேன். இன்று அவருக்குச் சீக்கிரம் வேலை முடிந்திருந்தது, ஈசிச்சேரில் பேப்பர். முழுவதும் கேட்டார். பேப்பரை மடித்தார்.

"அந்த ரெண்டாவது வரி இன்னான்னு தெரியுமா?"

"விலாசம் தெரியும்ப்பா. முன்னாடி இருந்த பேர் மறந்துபோச்சி."

சட்டைப் பையிலிருந்து மூன்று ஒரு ரூபாய் நாணயம் எடுத்துத் தந்தார். "நாளைக்கு அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணு. இப்ப சாப்டு."

22.7, ஞாயிறு

ஆராதனை 8.30. பிரசங்கம் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பும் வழியில் முனை பூத்திலிருந்து கடைக்குப் போன். ஞாயிறும் திறந்திருக்கிறார்கள். ஷபானா திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கையிலிருந்த ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன். வெளியே இரண்டு பேர் போனுக்குக் காத்திருந்தார்கள்.

"டபிள்யூ, ஐ, என். அப்புறம் பி, ரெண்டு ஓ, டி. அப்புறம் டி, ஐ, ஆர். எழுதினியா?"

"எழுதினேன்."

"அன்னிக்கே மேல இருக்கறத எழுதலாம் இல்ல? நான் சும்மாதானே நின்னுட்டு இருந்தேன்."

"நான் அதையும் அழிச்சேன்னு உன்கிட்ட சொல்லல."

இரண்டாவது நாணயம் உள்ளே விழுந்தது. பிறகு, "பைத்தியம். சரி, மொத்தமா படிக்கறேன், ஒன்னொன்னா சரி பாரு." மேலிருந்து கீழ் வரை படித்தாள். மூன்று ரூபாயும் தீர்ந்தது.

மணி 1.10. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஃப்ளாப்பி, கட்டளை, ஃபைல். ஒரு வரி சேர்த்தேன். பூட்டினேன். அணைத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். கறுப்பு. கறுப்பு. மேகம் போட்ட படம். அந்தச் சத்தம்!

"வந்துடுச்சிம்மா!"

அம்மா செதில் ஒட்டிய கையோடு வந்து நின்றாள். "தொட மாட்டேன், கை நாறுது," என்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டாள்.

மீன் குழம்பு மூன்று மணிக்குத்தான். அதுவரை அப்பா பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

23.7, திங்கள்

மா. 5.40 மழை. கரண்ட் போய் 6.05க்கு வந்தது. எதிர்பார்த்ததுதான்.

நீலத் திரை. மஞ்சள் எறும்பு. நாளை டெஸ்ட். 6.29க்கு முடிந்தது.

அம்மா மௌஸைத் தொடவில்லை. "அந்த ஒன்ன பூஜ்யம் ஆக்கணும்னுதானே ஆரம்பிச்ச?"

"ஆமாம்மா."

"ஏன் அப்படியே வுட்டுட்ட?"

"பயமா இருக்குது."

"டெஸ்ட்டு எனக்கா உனக்கா? தள்ளு. எங்க அடிக்கணும்னு சொல்லு, நான் அடிக்கறேன்."

"இப்ப வேணாம்மா. கெட்டுப்போச்சின்னா நாளைக்கு..."

"கெட்டா எப்படிச் சரி பண்றதுன்னு உனக்குத் தெரியும். நீ எழுதின பாட்டுப் பொஸ்தக அட்ட இருக்குது, ஃப்ளாப்பி இருக்குது. அதுக்கா வாரம் பூரா ஒக்காந்த? நாளைக்கு காலைல அங்க இருக்கறதும் இந்த மாதிரி ஒரு பொட்டிதான். இதுக்குப் பயந்தா அங்க போயி இன்னா பண்ணுவேன்?"

முதலில் மாற்றாத ஃபைலின் நகல் ஒன்று, வேறு பெயரில், ஃப்ளாப்பியில். (இந்த முறை பெயர் மாற்றினேன்.) பிறகு அம்மா டைப் செய்தாள். அட்ரிப். மூன்று கழித்தல் குறி. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி, ஆனால் ஒன்றுகூடத் தப்பாக இல்லை. அட்டை கீபோர்டின் பலன். ஃபைல் திறந்ததும் எக்ஸ் வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

"நானா இருந்தாலும் வெட்டியிருப்பேன்," என்றாள். 1ஐ அழித்தாள். 0 வைத்தாள். வேறு எதையும் தொடவில்லை. பூட்டினாள். அணைத்துப் போட்டாள்.

வந்தது.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அந்த சோதனைய நானே ஓட வுடறேன்னு அப்பாகிட்ட சொல்லிடு." இன்று சமையல் ஏழரைக்கு. பட்டியல் மூன்று முறை, பிழை: 6, 2, 2.

24.7, செவ்வாய்

அம்மா நல்ல புடவை கட்டிப் போனாள். எனக்கு ஃபிசிக்ஸ் பீரியடில் ஒரு வார்த்தை ஏறவில்லை.

6.20க்கு அம்மா வந்தாள். டெஸ்டுக்கு மொத்தம் ஐந்து பேராம். பட்டியலை முடித்துவிட்டாள். சேமித்துவிட்டாள். பிரிண்டரில் பேப்பர் சிக்கியதாம். சூப்பர்வைசர் வருவதற்குள் அம்மாவே மூடியைத் திறந்து உருவியிருக்கிறாள்.

"திட்டினாங்களா?"

"முறைச்சாரு. நான் இழுத்துட்டேனே, இன்னா பண்ணுவாரு?"

ரிசல்ட் நாளை. அம்மா இன்றும் 6.30க்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

25.7, புதன்

பள்ளியில் ஃபீஸ் ரசீதைத் தேடிப் பிடித்தேன். மெக்கானிக் வந்தார், கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்தார், டீ குடித்துவிட்டுப் போனார்.

அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது! முழுதாக அல்ல. இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள், ஒரு மாதம் பார்ப்பார்களாம், சரிவராவிட்டால் பழைய மேஜைக்கு. வருகிற திங்கள் முதல். அங்கே மௌஸ் மட்டும் இல்லையாம், மேஜை அளவு ஒரு பலகையும் இருக்கிறதாம். அட்டைப் பேட்டர்னை அதன் மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தால் படம் கம்ப்யூட்டருக்குள் போகும். அதற்கு ஒரு புத்தகம் தந்து படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். முழுக்க ஆங்கிலம். பதினோரு பக்கம்.

"ஞாயித்துக்கெழம போக நாலு நாளு," என்றாள் அம்மா. "ஒரு நாளைக்கு மூனு பக்கம். முடியாதா?"

அம்மா ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், நான் அகராதி பார்த்துத் தமிழில் சொல்கிறேன், அவள் அதைத் தன் பாஷையில் திருப்பிச் சொல்கிறாள். எனக்குப் புரியாத இரண்டு இடம் அவளுக்கு உடனே புரிந்தது, வளைவில் பொத்தானை நெருக்கி நெருக்கி அழுத்த வேண்டும் என்பது ஒன்று. "கத்தி வளையற எடத்துல கையும் மெதுவாத்தானே போகும்."

இப்போது நான்காம் பக்கம். இன்றைய கணக்குக்கு ஒரு பக்கம் அதிகம். அப்பா இரண்டு முறை வந்து மணி ஒன்பதரை என்று சொல்லிவிட்டார். "இந்தப் பாரா முடியட்டுங்க," என்று அம்மா சொல்கிறாள். விரல் ஏழாவது வரியில் இருக்கிறது, எடுக்கவில்லை. அப்பா விளக்கை அணைத்துவிட்டார். (இந்த வரி இருட்டில் எழுதியது.)